பக்கத்து சீட்டின் பிரேக்

என் வீட்டுக்காரருக்கு டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் அவரை 'மெதுவா மாஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். காரில் ஏறி உட்கார்ந்தால் 'மெதுவா', கிளம்பினால் 'மெதுவா', சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போதுகூட 'மெதுவா, மெதுவா'. நிற்கிற வண்டியை இன்னும் எப்படி மெதுவாக்குவது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எனக்கு வந்தது. கேட்டேன். அதற்கு "மெதுவா பேசு" என்றார்.

அவர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். படிக்கிறவர் எக்குத்தப்பாக ஏதாவது செய்தால் மாஸ்டர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. இருக்கட்டும், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் வேலையை வேலை செய்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டாமா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் தீ குறைந்திருக்கும். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் அவர் வாயிலிருந்து வரும். நான் கோபமாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அது பாதி தூரம் போவதற்குள் "சரி சரி, விடு" என்று முடித்துவைப்பார். ஆரம்பத்தில் சண்டை போட்டேன். போட்டுப் போட்டு அலுத்துப்போய், சண்டையை விட்டே ஏழெட்டு வருஷம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எங்களை நல்ல ஜோடி என்கிறார்கள்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவிப் பார்த்து, நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போட்டு ரத்தம் எடுப்பது என் வேலை. அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. வேறு நாலு பேர் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்ட கைகளை என்னிடம்தான் அனுப்புவார்கள். குழந்தைகள்கூட அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பெரிய மீசை வைத்த ஆம்பளைகள்தான் மயங்கி விழுவார்கள். எல்லாம் சரி, நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் ஆனால் முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு வலி உயிரை வாங்கும்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் மேடம் கூப்பிட்டார். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வர ஆள் வேண்டும். லேபே ஒரு சின்னக் கார் தரும். "உங்க கை ராசிக்கு நீங்கதான் சரி. ஆனா மூணு மாசம் கழிச்சு வர்ற ஒண்ணாம் தேதிக்குள்ள லைசென்ஸ் வேணும். இல்லேன்னா புதுசா வந்திருக்கிற பொண்ணுக்குத்தான் குடுக்கணும்" என்றார். எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. கால் வலி ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே காரில் நான் ஒருத்தி மட்டும் இருப்பேன். என்னை யாரும் எதுவும் சொல்லாத பத்து நிமிஷம். நாற்பத்தாறு வயதில் அதற்கு ஆசைப்படுவது பேராசையா?

வீட்டிலேயே மாஸ்டரை வைத்துக்கொண்டு வெளியே போய்க் கற்றுக்கொள்வதா? அவரிடமே கற்றுக்கொண்டேன். அவர் வண்டியிலேயே டெஸ்ட்டுக்குப் போனேன். நான் ஓட்ட, பக்கத்தில் அவர், பின் சீட்டில் அட்டையும் பேப்பருமாக அதிகாரி. முதல் தடவை ஃபெயில். காரணம், தேவையில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியது. இரண்டாவது தடவையும் ஃபெயில், அதே காரணம். மூன்றாவது தடவையும் அதே.

"காலியா கிடக்கிற ரோட்டுல ஏன் நிறுத்தின?" என்றார் திரும்பி வரும்போது.

"நான் நிறுத்தலங்க."

"அப்ப வண்டி தானா நின்னுச்சா?"

"நான் பிரேக்கைத் தொடவே இல்ல."

"சரி சரி, விடு. பதட்டத்துல எல்லாருக்கும் இப்படித்தான்."

வீட்டுக்கு வந்து கைப்பையை வீசிவிட்டு உட்கார்ந்தேன். காலேஜில் படிக்கிற எங்கள் பெண் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அம்மா, அப்பா மிதிச்சிருப்பாரு. டிவியில கார் வேகமாப் போனாலே மிதிக்கிறவராச்சே."

"உளறாதே" என்றார் அவர். நானும் அவளும் குனிந்து அவர் காலைப் பார்த்தோம். தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பக்கத்து சீட் பிரேக்கை யாராவது தொட்டால் 'கீங்' என்று ஒரு பஸ்ஸர் கத்த வேண்டும். மாஸ்டர் உதவி செய்தாரா என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. ஆனால் அந்தச் சத்தத்தில் படிக்கிறவர்கள் மிரண்டுபோகிறார்கள் என்று இவர் எப்போதோ அதன் வயரைக் கழற்றிவிட்டிருந்தார். இவர் மேல் இருந்த நம்பிக்கையில் அதிகாரிகளும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. மறுநாள் நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அந்த வயரை மாட்டச் சொன்னேன்.

"மாஸ்டர் திட்டுவாரேக்கா" என்றார் மெக்கானிக்.

"திட்டு எனக்குத்தானே, நீங்க மாட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். தெரு முனை திரும்புவதற்குள் 'கீங்'. அவர் திடுக்கிட்டார். "என்ன சத்தம்?" என்றார். "உங்க கால்" என்றேன். வயரில் கோளாறு என்றார். கோளாறு என்று சொல்லும்போதே 'கீங்'. எதிரே ஒரு பூனை, அதுவும் மதில் மேல் படுத்திருந்த பூனை, அதற்கு ஒரு 'கீங்'. நான் கியர் மாற்றினால், கொஞ்சம் வேகம் எடுத்தால், பஸ்ஸர் கத்தியது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் பதினாலு.

"ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கி, குனிந்து, தன் பிரேக்கைக் கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கத்தியது. கையை எடுத்தார், நின்றது. மறுபடி ஏறி உட்கார்ந்தவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமா" என்றார்.

அதை நான் நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. தெரிந்து செய்கிறவரிடம் சண்டை போடலாம். இவரிடம் என்ன செய்வது?

அவர் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இப்ப ஓட்டு. எப்படி மிதிக்கிறேன்னு பாத்துடறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். வண்டியை எடுத்தேன். நன்றாகத்தான் போனது. பஸ்ஸர் சத்தமே இல்லை. ஜம்மென்று போய் இடது பக்கம் திரும்பினேன், அங்கே ஒரு பெரிய குப்பைத் தொட்டி இருந்தது, அது நெருங்கி வந்தது, இன்னும் நெருங்கி வந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில் போய் இடித்தேன்.

அடி பலமில்லை. முன் பக்கம் கொஞ்சம் நசுங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் நசுங்கல்.

"ஏன் மிதிக்கல?" என்றார். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

"நீங்க மிதிப்பீங்கன்னு" என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஐயோ, என் மேல் தப்பே இல்லை என்றுதானே இத்தனை நாள் உள்ளுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன்! அன்று முழுக்க அது என்னைப் பிடுங்கித் தின்றது. படுக்கப் போகும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை, அவர் பார்ப்பார். வீட்டுச் சாவி எடுத்துக்கொண்டு போவதில்லை, அவரிடம் இருக்கும். என் கால் வலிக்கு நான் சாப்பிடும் மாத்திரையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊரார் நரம்பையெல்லாம் தொட்டுக் கண்டுபிடிக்கிறவள்! இதையெல்லாம் அவர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன். பாதியை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்கிறார் என்பது சுகமாகத்தானே இருந்தது. சுகத்தையும் அனுபவித்துக்கொண்டு குறையும் சொல்லியிருக்கிறேன்.

நாலாவது டெஸ்ட் அந்த வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஒண்ணாம் தேதி. இதை விட்டால் அடுத்த தேதி ஒரு வாரம் கழித்துத்தான், அதற்குள் வேலை அந்தப் பெண்ணுக்குப் போய்விடும். காரில் ஏறுவதற்கு முன் அவரிடம், "சம்மணம் எல்லாம் வேண்டாம். காலைக் கீழே வைங்க. மிதிக்காம இருங்க, போதும்" என்றேன். தலையை ஆட்டினார். வெளிறிப்போயிருந்தார், என்னமோ டெஸ்ட் அவருக்கு என்பதுபோல.

அன்று நன்றாக ஓட்டினேன், சும்மா சொல்லக் கூடாது. சிக்னலில் நானே நிறுத்தினேன், மேட்டில் பின்னால் உருளாமல் எடுத்தேன். திரும்பி வரும் வழியில், கடைசித் தெருவில், கண்ணாடியில் பின்னால் வந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி சட்டென்று குலுங்கி நின்றது. 'கீங்'. நிமிர்ந்து பார்த்தால் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், சைக்கிளில் ஒரு பெண்மணி. பின்னால் மூட்டை கட்டியிருந்தது. அவர் எங்களை முறைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனார்.

பின் சீட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். "என்ன சத்தம் அது?"

"வயர் லூசா இருக்கு சார், பழைய வண்டி" என்றார் என் வீட்டுக்காரர். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "அந்தம்மா குறுக்கே வந்துட்டாங்க. இவங்க டக்குனு பிரேக் போட்டுட்டாங்க சார்."

என் ஆயுசில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்னார். தான் மிதித்ததை எனக்குக் கொடுத்தார்.

"நல்லாப் பாத்து நிறுத்தினீங்கம்மா. இந்தத் தடவை பாஸ்" என்று அதிகாரி எழுதக் குனிந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். திங்கட்கிழமை கார், தனியாகப் பத்து நிமிஷம், காலை நீட்டி உட்காரலாம். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் முறைத்துவிட்டுப் போன அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"நான் பாக்கல சார். இவர்தான் மிதிச்சார்" என்றேன்.

அதிகாரி கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஃபெயில் என்று எழுதினார். டெஸ்ட் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பேப்பரைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மைதானத்து ஓரத்தில் வண்டியில் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் கத்தினார். உண்மையிலேயே கத்தினார். "பைத்தியமா உனக்கு? கைக்கு வந்ததை இப்படித் தட்டிவிட்டுட்டியே! அந்த வேலைக்காக நீ எவ்வளவு ஏங்கினேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"வேலைக்குப் போனா தெனமும் தனியாத்தானேங்க ஓட்டணும்" என்றேன். "பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க. இன்னைக்கு மாதிரி யாராவது குறுக்கே வந்தா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அதான் எனக்குப் பயம்" என்றார்.

"இடிச்சிடுவேன்னா?"

"இல்ல. நீ நல்லா ஓட்டிட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

எனக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. இருபத்திரண்டு வருஷம் 'மெதுவா, மெதுவா' என்று சொன்ன மனுஷன் இதை ஒரு தடவை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, ஏன் இப்படி என்று நான்தான் ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா? அவரைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். பொய்யாக ஒன்றும் வரவில்லை, களைத்துப்போயிருந்தேன்.

"தெரியலங்க. தனியா ஓட்டிப் பாத்தாத்தானே எனக்கே தெரியும்" என்றேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுக்கு நடந்தே போய்விடுவாரோ என்று நினைத்தேன். நேராக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து அடுத்த டெஸ்ட்டுக்கான ஃபாரத்தோடு வந்து, கையெழுத்துப் போடு என்று என்னிடம் நீட்டினார். என் பெயர், வயது எல்லாம் அவர் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. பக்கத்து சீட்டில் உட்காரும் மாஸ்டர் பெயர் என்ற இடத்தில், பழக்கத்தில் தன் பெயரை எழுதி, அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே வேறொரு மாஸ்டரின் பெயரை எழுதியிருந்தார்.