ஒரே டிக்கெட்டில் உள்ளே போன மகள்

ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். பத்தாவது படிக்கும் என் மகளுக்கு கிரிக்கெட் என்றால் உயிர். வருடத்துக்கு ஒரு மேட்ச் பார்க்க அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவேன். போன வருடம் இரண்டு டிக்கெட் வாங்கிய பணத்துக்கு இந்த வருடம் ஒன்றுதான் கிடைத்தது.

"நீ போய்ப் பாரு கண்ணு, அப்பா இந்த கேட்டுலயே நிக்கறேன்" என்று ஸ்டேடியத்துக்குள் அவளை மட்டும் அனுப்பினேன்.

மேட்ச் முடிந்ததும் கூட்டத்தை வேறு கேட் வழியாக வெளியே விட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே போன் என் சட்டைப்பையில் இருந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடவும் எனக்குக் கூச்சம். ஒரு மணி நேரம் சுற்றி ஓடிய பிறகு, ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றவளைக் கண்டேன்.

"பொண்ண தனியா அனுப்பிட்டு நீ எங்கய்யா போன?" என்று அந்த அம்மா கன்னடத்தில் திட்டினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில், "மேட்ச் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்க பாத்தேன்ப்பா? நீங்க வெயில்ல நிக்கறீங்களேன்னே இருந்துச்சு."

இப்போது ஓசூர் பக்கத்தில் பாகலூரில் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் மேட்சுக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம். டிவியில் அந்த ஸ்டேடியத்தைக் காட்டினால் சேனலை மாற்றிவிடுகிறேன். அவளும் ஏன் என்று கேட்பதில்லை.