பன்னிரண்டாம் நம்பர் வீட்டு நண்டு

கோபிச்செட்டிபாளையத்து வாய்க்கால் வரப்புகளில் வெறுங்கையால் நண்டு பிடித்து வளர்ந்த வசந்தாமணி, சன்னிவேலுக்கு வந்து சேர்ந்த நான்காம் நாளே சைவமாகிவிட்டாள். அவளைக் கேட்டு நடந்த காரியமில்லை அது. எல்லாம் புருஷன் திருமூர்த்தியின் வாய் செய்த வேலை.

ஆபீஸில் அவனுக்கு மேனேஜர் ராமசுப்ரமணியன். அதே அபார்ட்மெண்டில் அவர் வீடு மாடியில், இவர்கள் வீடு கீழே, பன்னிரண்டாம் நம்பர். வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர். க்ரீன் கார்டு ஃபைலை நகர்த்த வேண்டியவரும் அவர். முதல் சனிக்கிழமை விருந்துக்கு அழைத்தபோது, நீங்கள் வெஜ்தானே என்று பேச்சுவாக்கில்தான் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியது போதாதென்று, "ப்யூர் வெஜ் சார், முட்டைகூடத் தொட மாட்டோம்" என்று வால் வேறு சேர்த்தான் திருமூர்த்தி. பக்கத்தில் மோர்க்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த வசந்தாமணிக்குப் புரையேறி, மாடிவீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையா? முட்டை அட்டை ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கோழிக்குழம்பு வேண்டுமென்றால் மாடிவீட்டார் வெளியே போகிற நேரமாகப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஜன்னல்களைச் சாத்தி, ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் தொப்பி மாட்டி, ஊதுபத்தி நாலைக் கொளுத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். தின்ற எலும்பைத் திருமூர்த்தி மூன்று கவருக்குள் கட்டிக் காரில் எடுத்துப் போய், இரண்டு மைல் தள்ளி ஏதாவதொரு கேஸ் ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவான். கொலை பண்ணினவன்கூட இத்தனை பாடுபட மாட்டான்.

இவ்வளவு செய்தும் சில நாள் வாசனை படியேறிப் போய்விடும். மேனேஜர் மூக்கைத் தேய்த்தபடி என்ன நாற்றம் என்று விசாரித்தால், திருமூர்த்தியிடம் பதில் தயாராக இருக்கும். எதிர்வீடு பதினாலாம் நம்பர் சைனீஸ்காரங்க சார் என்பான். முதல் தடவை வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது தடவை வரவில்லை.

பதினாலாம் நம்பரில் இருந்தது மிஸஸ் லின் என்ற ஒற்றை மனுஷி. ஏதோ கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் பற்றவைக்கிற வேலை. லாண்டரி ரூமில் துணி காய்கிற நேரத்தில்தான் இரண்டு பேருக்கும் பழக்கமானது. அவளிடம் இருந்த இங்கிலீஷும் இவளிடம் இருந்த இங்கிலீஷும் சேர்ந்தால் ஓர் ஆள் இங்கிலீஷ்கூடத் தேறாது. ஆனாலும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பாதி சாப்பாட்டுப் பேச்சு. பார்த்தால், அந்த அம்மாள் வாரத்தில் நாலு நாள் கீரையும் டோஃபு என்கிற சோயாக் கட்டியும்தான் சமைக்கிறாள். வசந்தாமணி அன்றைக்குத் தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறமும் அவள் வாயைத் திறக்கவில்லை. க்ரீன் கார்டு, க்ரீன் கார்டு என்று புருஷன் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். தொண்ணூற்றேழு டிசம்பரில் அவள் வாயைத் திறக்க வைத்தது அவர்களுடைய மகள் எழிலரசி. ஐந்து வயது, கிண்டர்கார்டன் போய்க்கொண்டிருந்தாள். மாடிவீட்டு ஹம்சா அவளுக்கு உயிர்த்தோழி. குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை சொன்னாள், சில பேர் மீட் சாப்பிடுவார்கள், அது ஓகே என்று ஹம்சாவே சொல்லிவிட்டாளாம். பிறகு அம்மா முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"தென் ஒய் இஸ் இட் எ சீக்ரெட், அம்மா? ஆர் வீ பேட்?"

அப்பா சொல்லிக் கொடுத்திருந்தாராம், ஸ்கூலில் கேட்டால்கூட வெஜ் என்றுதான் சொல்ல வேண்டுமென்று. வசந்தாமணிக்குக் கோபம் கிளம்பியது. பாதி புருஷன் மேல், பாதி தன் மேல். அவள் ஆத்தாள் தின்றாள், அப்பன் தின்றான், ஊரே தின்றது. ஒருத்தர்கூட அதற்காகக் கூனிக் குறுகியதில்லை. இங்கே தன் பிள்ளை, தான் சாப்பிடுகிற சோற்றை நினைத்து நாம் கெட்டவர்களா என்று கேட்கிறாள். இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டு ராத்திரி பூராவும் அவள் புரண்டு புரண்டு படுத்தாள். சொன்னால் மட்டும் போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. திருமூர்த்தி சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலையென்று ஆபீஸ் போய்விட்டான். நண்டு சீசன் தொடங்கிவிட்டது, படகிலேயே விற்கிறார்கள் என்று மிஸஸ் லின் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி பிள்ளைக்கு ஸ்வெட்டரை மாட்டி, பதினாலாம் நம்பர் கதவைத் தட்டி, போகலாம் என்றாள்.

மிஸஸ் லின்னின் பழைய வேனில் மலையைத் தாண்டி ஹாஃப் மூன் பே துறைமுகத்துக்குப் போனார்கள். என்ன குளிர், என்ன காற்று! மரப்பாலத்தின் இரண்டு பக்கமும் படகுகள். அட்டையில் விலை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆரஞ்சு ரப்பர் கால்சட்டை போட்ட மீனவர் தொட்டி மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக, சோற்றுத் தட்டு அகலத்துக்கு நண்டுகள். வசந்தாமணி ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு நேராகத் தொட்டிக்குள் கையை விட்டாள். அந்த ஆள் பதறிப்போய்க் கத்தினார். அதற்குள் அவள் பின்பக்கமாக, கட்டைவிரல் வயிற்றிலும் மற்ற விரல்கள் ஓட்டிலுமாக ஒன்றைத் தூக்கிவிட்டாள். கொடுக்கு இரண்டும் காற்றைக் கடித்தன. எழிலரசி கை தட்டிய தட்டில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

துறைமுகக் கடையில் ஒன்றை அங்கேயே வேகவைத்துத் தந்தார்கள். உப்புத் தண்ணீர் மட்டும். மசாலா, காரம் எதுவும் கிடையாது. பெஞ்சில் நியூஸ்பேப்பரை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். காலை முறித்து உறிஞ்சியபோது, இளம் தேங்காயின் தித்திப்போடு வெள்ளைச் சதை முழுசாகக் கழன்று வந்தது. ஓட்டுக்குள் இருந்த மஞ்சள் கொழுப்பை மிஸஸ் லின் விரலால் வழித்து எழிலரசி வாயில் வைத்தாள். சூடு நாக்கில், குளிர் முதுகில். ஜன்னல் சாத்தாமல், ஊதுபத்தி கொளுத்தாமல், நாலு பேர் பார்க்கத் தின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள். மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு காலை முறித்தாள்.

திரும்புகிற வழியில் மிஸஸ் லின், ஜனவரியில் தன் லீஸ் முடிகிறது, ரின்யூ பண்ணுவார்களா என்று தெரியவில்லை என்றாள். யாரோ அபார்ட்மெண்ட் மேனேஜ்மெண்டில் கம்ப்ளெயிண்ட் சொல்கிறார்களாம், என்ன தப்பு செய்தேன் என்றே புரியவில்லையாம். வசந்தாமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறந்தாள். மல்லியும் மிளகும் வறுத்தாள், தேங்காயோடு அரைத்தாள், சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரியதையே பொடியாக நறுக்கி வதக்கினாள். நாலு நண்டு. அலாரத்துக்குத் தொப்பி மாட்டவில்லை. நாலு மணிக்குத் திருமூர்த்தி உள்ளே நுழைந்து மூக்கை உறிஞ்சியவன் ஜன்னல் பக்கம் ஓடினான். அவன் முதல் ஜன்னலைச் சாத்தும்போதே கதவு தட்டப்பட்டது.

ராமசுப்ரமணியன் வாசலில் நின்றார். கையில் ஒரு கடிதம். பதினாலாம் நம்பரிலிருந்து இரண்டு வருஷமாகத் தாங்க முடியாத நாற்றம், அவர்களுக்கு லீஸ் ரின்யூ பண்ணக் கூடாது என்று எழுதி, கீழே ஐந்து வீட்டார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறாவதாகத் திருமூர்த்தி போட வேண்டுமாம். இதோ இப்போதுகூட எப்படி அடிக்கிறது பார் என்றார். ரொம்பத்தான் ஓவராகப் போய்க்கொண்டிருக்கிறது சார் என்று சொல்லி, திருமூர்த்தி பேனாவை வாங்கியும் விட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எழிலரசி சோபாவில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"சார், இது எங்கூட்டு நண்டுங்க. நாந்தான் வாங்கியாந்தேன், நாந்தான் ஆக்கறேன். ரெண்டு வருஷமா நீங்க மோந்தது பூராவும் எங்கூட்டு அடுப்புதானுங்க. அந்தம்மா பாவம், கீரையும் டோஃபுவும் வதக்கிட்டு இருக்கறாங்க."

ராமசுப்ரமணியன் கரண்டியைப் பார்த்தார். அப்புறம் திருமூர்த்தியைப் பார்த்தார். "நான் சும்மா கேட்டேன் திரு. இல்லேன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? எதுக்கு பொய்?"

வசந்தாமணிதான் பதில் சொன்னாள்.

"இவரு பயந்துட்டாருங்க. நானும் கூடச் சேந்து ஒளிச்சேன், அது என்ற தப்பு. அந்தம்மா மேல பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு. ஆனா நண்டு தின்னது தப்பில்லீங்க. உங்கூட்டுக்கு வந்தா உங்க சாப்பாடு, ஆசையாத்தான் சாப்பிடறேன். எங்கூட்ல எங்க சாப்பாடு. இனி ஜன்னலைச் சாத்த மாட்டேனுங்க."

சொல்லிவிட்டு, புருஷன் கையிலிருந்து கடிதத்தையும் பேனாவையும் பிடுங்கினாள். சுவரில் வைத்து, பதினாலு என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள். மூன்று இடம். கீழே தமிழில் வசந்தாமணி என்று கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவரிடமே நீட்டினாள்.

"இப்பக் கொண்டு போய்க் குடுங்க சார்."

ராமசுப்ரமணியன் அதை இரண்டு தடவை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறினார். திருமூர்த்தி சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, க்ரீன் கார்டு போச்சு என்று தலையில் கை வைத்தான்.

"வந்தா வரட்டும். வராட்டிப் போகட்டும். கோபியில சோறில்லாமயா வந்தோம்?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை அணைக்கப் போனாள்.

அந்தக் கடிதம் மேனேஜ்மெண்டுக்குப் போகவேயில்லை. மிஸஸ் லின்னின் லீஸ் ரின்யூ ஆனது. க்ரீன் கார்டு இரண்டாயிரத்தொன்றில்தான் வந்தது. நண்டால் தாமதமா, எல்லோருக்கும் ஆன தாமதமா என்று வசந்தாமணி கேட்கவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் துறைமுகத்துக்குப் போய் வந்தாள். தானே ஃப்ரீவேயில் டிரைவ் பண்ணிக்கொண்டு.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜையை இழுத்து வாசல் நடையில் போட்டு, மிஸஸ் லின்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறினாள். காரம் தாங்காமல் அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தட்டை மட்டும் விடவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்த ஹம்சா, கடைசிப் படியிலேயே நின்று, எழிலரசி கையில் இருந்த கொடுக்கைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். உள்ளே சோபாவில் இருந்த திருமூர்த்தி தலையைத் தூக்கினான். வசந்தாமணி மகளைப் பார்த்தாள்.

"க்ராப்," என்றாள் எழிலரசி. "வீ ஈட் இட். மை அம்மா காட் இட் வித் ஹெர் ஹாண்ட்."

சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தவில்லை.