இடது கண்ணில் குடியிருந்த பெயரிடாத புழு

பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். இடது கண்ணின் வெள்ளையில், மூக்கோரமாக, நூல் மாதிரி ஒரு வளைவு. வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தால் அது காதுப்பக்கம் போயிருந்தது. இரத்தக்குழாய் இடம் மாறாது. உள்ளே இருப்பதற்கு உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கு முன் பத்து நாள் அரிப்பு, சிவப்பு. சூடு என்று அம்மா சொன்னாள். நானும் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துப் படுத்துக் கிடந்தேன். விலங்கியல் முதுகலை படிக்கிறவன் செய்கிற வேலையா இது? செய்தேன். உங்களுக்கு ஒரே கண்ணில் அரிப்பு வந்து வந்து போனால் பூவோடு காத்திருக்காதீர்கள். கசக்கவும் வேண்டாம்.

கல்லலிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்குடிக்குப் போனோம். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார்.

"கன்ஜங்டைவாவுக்கு (கண்ணின் வெள்ளையைப் போர்த்திய சவ்வு) அடியில புழு இருக்கு. இப்பவே எடுத்துரலாம். விட்டா உள்ளுக்குப் போயிரும்."

"ஒண்ணுதானா டாக்டரம்மா? உடம்பு பூரா இருக்குமா?" அம்மா கேட்டாள்.

"என்ன புழுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்மா."

அந்தப் பதிலைத்தான் அடுத்த ஆறு வாரம் சுமந்தேன். மனிதருக்குள் பெருகுகிற இனம் என்றால் நீண்ட சிகிச்சை. நாயிடமிருந்து கொசு வழியாகத் தடம் மாறி வந்த இனம் என்றால் பெரும்பாலும் ஒற்றைப் புழு, எடுத்தால் தீர்ந்தது.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, லேசாகக் கீறி, இடுக்கியால் இழுத்தார். வலிக்கவில்லை. ஏதோ உருவப்படுவது மட்டும் தெரிந்தது. "ஃபார்மலின்ல போடுங்க! ஃபார்மலின்!" என்று படுத்தபடியே கத்தினேன். எங்கள் கல்லூரியில் உயிரினங்களைக் கெடாமல் வைத்திருக்கும் குடுவைகளில் எல்லாம் அதுதானே இருக்கிறது.

"பேசாம படுங்க தம்பி, கண்ணு ஆடுது" என்றார் செவிலியர்.

என் அவசரம் மதுரை ஆய்வகத்தில் பல்லிளித்தது. உருவத்தைப் பார்த்து, நாய்ப்புழுக் கூட்டத்தைச் சேர்ந்த முதிராத பெண் புழு என்றார்கள். எந்த இனம் என்று சொல்ல மரபணு வேண்டும். ஃபார்மலின் அதைக் கெடுத்துவிடும். செவிலியருக்கு போன் போட்டுப் புலம்பினேன். சிரித்தார்.

"நுனி அத்துப்போயி இடுக்கியோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதை ஆல்கஹால்ல போட்டு ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன். நீங்க கத்துன கத்துல சொல்ல விட்டீகளா?"

அந்த நுனிதான் பதில் சொன்னது. அறிக்கையை மருத்துவரே வாசித்தார்.

"நாய்ப்புழுதான். ஆனா பதிவான எந்த இனத்தோடயும் முழுசாப் பொருந்தலை. இன்னும் பேர் வைக்காத இனமா இருக்கலாம்."

"எனக்குள்ள பெருகுமா டாக்டர்?"

"இந்தக் கூட்டம் மனுசங்க உடம்புல பெருகுறது ரொம்ப அபூர்வம். ரெண்டு தடவை இரத்தம் பார்த்தாச்சு, மைக்ரோஃபைலேரியா (இரத்தத்தில் திரியும் இளம்புழு) இல்லை. கண்ணும் சுத்தமா இருக்கு. போய் நல்லாத் தூங்குங்க."

பஸ்ஸில் அம்மாவுக்கு அந்தப் பேர் விஷயம் ஆறவே இல்லை.

"பேரே இல்லாதது, நம்ம வீடு தேடி வந்திருக்கு பாரு. உன் பேரையே வச்சிட்டுப் போறாக."

"கண்டுபிடிச்சவன் தன் பேரைத் தானே வைக்க மாட்டான்மா. அது மரபு."

"அப்ப எம்பேரையும் வச்சிராதே."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். ஆறு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

எந்தக் கொசு, எந்த மாலை என்று இனி தெரியப்போவதில்லை. மாதக்கணக்கில் அது எனக்குள் வளர்ந்திருக்கிறது. அந்த மாதங்களில் நான் பரீட்சை எழுதினேன், குன்றக்குடி மலையேறினேன். தனியாகச் செய்ததாக நினைத்தவற்றுக்கெல்லாம் ஒரு துணை இருந்திருக்கிறது. அருவருப்பு போய்விட்டது, உடம்பு நான் நினைத்ததைவிடப் பெரிய வீடு என்று தோன்றுகிறது.

முதிராத ஒரு பெண் புழுவை வைத்துப் புதிய இனம் என்று எழுதிவிட முடியாது. ஆண் வேண்டும், முதிர்ந்த பெண் வேண்டும். எந்த நாயிடம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கால்நடை மருத்துவரோடு எங்கள் தெரு நாய்களிடம் இரத்தம் எடுக்கக் கிளம்புகிறேன். கடிக்கிறது எது என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: மில் வீட்டுக் கறுப்பு. அது எங்கள் வாசலில்தான் படுத்திருக்கும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.