பிலோமி காய்ச்சிய பீர்

கோபம் வந்தால் பிலோமியின் குரல் உயராது, தாழும். பிரிஞ்சாங் ஊர் ஹோட்டல் சமையலறையில் வேலை முடித்து, ரிங்லெட்டில் இருக்கும் தன் வீட்டுக்குள் நுழைந்தவள், தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"யாரு இத அடைச்சது?"

பின்னறையில் பீர் வாளியின் மூடி உப்பிக்கொண்டு நின்றது. உள்ளே உண்டாகும் காற்று வெளியேற அவள் மூடியில் செருகியிருந்த குழலின் வாயில் கறுப்பு டேப்.

மகள் ஃபியோனாவின் நிச்சயதார்த்தத்துக்காகக் காய்ச்சியது. முதல் தடவை அடுப்போரம் வைத்துச் சூட்டில் கெடுத்துவிட்டாள். நகப்பூச்சு வாடை அடித்து எல்லாம் சாக்கடைக்குப் போனது. இந்தத் தடவை குளிர்ந்த மூலையில், ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாள். ஈஸ்ட் மும்முரமாகப் பொங்கும் நேரம். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள்.

"கோயில் உபதேசியார் வந்தாரு லா," என்றான் கணவன் ரொனால்ட். "வீடெல்லாம் சாராய வாடை. களக் களக்குன்னு சத்தம் வேற. மானமே போச்சு. அதான் அடைச்சேன்."

பிலோமி டேப்பை உரித்தாள். குழல் பிய்த்துக்கொண்டு பறந்தது. நுரை கூரைத் தகரம்வரை அடித்து, அவள் தலையிலும் மாதா படத்திலும் வழிந்தது.

"மானமா?" முகத்தைக்கூடத் துடைக்காமல் திரும்பினாள். "டவுன்ல குடிச்சிட்டு ரோட்டோரமா கிடந்தப்ப உன் மானம் எங்க போச்சு? நான் காய்ச்சினா மட்டும் சாராயமா? வாளி வெடிச்சிருந்தா? ஃபியோனா இங்கதானே துணி மடிச்சிட்டு இருந்தா!"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்றதில்லை.

பருத்த ரப்பர் குழாய் ஒன்றைக் கொதிநீரில் கழுவி மூடியில் பொருத்தினாள். நுரை வழிய இடம் வேண்டுமென்று மறுமுனையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டாள். பிறகு வாளியை இழுத்துவந்து, விருந்தாளிகள் உட்காரும் முன்னறையில் வைத்தாள்.

நிச்சயதார்த்த ஜெப ஏற்பாடு பேச உபதேசியார் மறுபடி வந்தார். சட்டியில் குமிழி வெடிக்க வெடிக்க ரொனால்ட் இருமினான்.

"பீர் ஐயா," என்றாள் பிலோமி. "நாந்தான் காய்ச்சுறேன்."

"அன்னிக்கே வாசம் வந்துச்சும்மா. எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வைங்க," என்றார் அவர்.

அவர் முகம் சுளித்திருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும். யாரும் கேட்காத மானத்துக்காகவா அவன் டேப் ஒட்டினான்?

நிச்சயதார்த்தத்தன்று பீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் ருசியாக வந்திருந்தது. கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள்.

"நாங்க வீட்டுலயே செஞ்சது," என்று சம்பந்தியிடம் பெருமையாகச் சொன்னான் ரொனால்ட்.

"நாங்களா?" என்றாள் பிலோமி, எல்லோருக்கும் கேட்க.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.