மயிலையின் நாலாவது காம்பு

லூர்துநாதன் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடத் தெரியும். அதை விட்டால் அவனுக்குத் தெரிந்தது மாடு.

பெருமை என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஒன்றுதான் இருந்தது. அவன் கறக்கிற பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தினமும் விடிந்ததும் தருமபுரத்திலிருந்து தன் பசு மயிலையையும் அதன் கன்றையும் ஓட்டிக்கொண்டு காரைக்காலுக்குள் வருவான். ஐந்து வீடு வாடிக்கை. ஒவ்வொரு வாசலிலும் மாட்டை நிறுத்தி, செம்பைக் கவிழ்த்துக் காட்டி, கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, அப்புறம்தான் குந்துவான். அந்த வீட்டார் கண்முன்னால் கறந்து, நுரை அடங்கும் முன்னே கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்கு நடப்பான்.

அவனுக்கு முன்னால் அந்தத் தெருவுக்கு ஊற்றியவன் சிதம்பரநாதன். அவன் வீட்டிலேயே கறந்து தூக்கில் கொண்டுவருகிறவன். ஒருநாள் லூர்துநாதன் நடுத்தெருவில் அவனை மறித்து, தூக்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்தான். சொட்டு நிற்காமல் ஓடியது. "பாத்துக்குங்க எல்லாரும். இது பாலா, பால் கழுவுன தண்ணியா?" என்று கத்தினான். தெருவே சிரித்தது. அன்றோடு ஐந்து வீடும் லூர்துநாதனுக்கு வந்துவிட்டன. அது ஆச்சு ஆறு வருஷம்.

ஐம்பத்து மூணாம் வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுக்கச் சேறு. ஒரு நாள் மயிலை மூங்கில் படலைத் தாண்டி வரும்போது மடியில் கிழித்துக்கொண்டது. பெரிய காயம் இல்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினான். நாலாம் நாள் வலப்பக்கப் பின்காம்பு கல்லு மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. முதல் பீச்சலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். பாலில் ரவை ரவையாக ஏதோ கிடந்தது. விரலால் நசுக்கினான். வழுவழுவென்று இழுத்தது.

அவன் பெண்சாதி சலோமி விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அந்த மாடு அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த மாட்டின் கன்று. மடிநோய் அவள் பார்க்காததில்லை.

"மடி கட்டிக்கிச்சு. நல்லா ஆவுற வரைக்கும் யாருக்கும் ஊத்தாதீங்க. கறந்து குழியில கொட்டுங்க."

"என்னன்னு சொல்றது? என் பாலு கெட்டுப்போச்சுன்னா? தெருவுல நின்னு அடுத்தவனைச் சிரிக்க வச்சவன் நான்."

"மாட்டுக்குச் சீக்குன்னு சொல்லுங்க. அதுல என்னா அவமானம்?"

"நீ சும்மா கிட. மூணு காம்பு நல்லாத்தான் இருக்கு. இதை இங்கேயே பீச்சி வுட்டுட்டுப் போனா ஆச்சு."

அப்படியே செய்தான். கெட்ட காம்பைக் கொட்டிலிலேயே பீச்சிக் கொட்டிவிட்டு, பால் குறைந்த மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். வழியில் சிதம்பரநாதன் எதிரே வந்தான். அவன் இப்போது விறகு வண்டி ஓட்டுகிறான். வண்டியை நிறுத்தி மாட்டைப் பார்த்தான்.

"என்னா லூர்து, மாடு பின்னங்காலை அகட்டி அகட்டி வைக்குது? மடியப் பாருய்யா."

"தண்ணி வியாபாரி எனக்கு மாடு பாக்கச் சொல்லித் தர்றியா? போ, போ. விறகு நனையுது."

"நனையட்டும். நான் தண்ணி ஊத்தினேன், எவன் வயித்தையும் கெடுக்கல" என்று சொல்லிவிட்டு அவன் தன் வண்டி மாட்டை அதட்டினான். அந்தப் பேச்சு லூர்துநாதனுக்கு அன்று முழுக்கக் காதிலேயே கிடந்தது.

ஐந்து வீட்டில் கடைசி வீடு காதர் பாட்சாவுடையது. மரக்கறியிலிருந்து மண்ணெண்ணெய் வரை விற்கிற மளிகை மண்டி வைத்திருந்தார். மகள் ஆரிபா பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். மாப்பிள்ளை தாவூது சைகோனில் கடையில் இருந்தான். பிள்ளை பெற்றதும் ஜன்னி கண்டு ஆரிபாவுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. ஐந்து மாதமாகக் குழந்தை ஜன்னத்துக்கு மயிலையின் பால்தான். லூர்துநாதன் ஆரிபாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். வளையல் சத்தமும் குரலும்தான் வெளியே வரும். செம்பை வாங்கிக்கொண்டு போகிறவள் வேலைக்காரி குஞ்சம்மா.

மூன்று காம்புக் கணக்கில் நாலு நாள் போயிருக்கும். குஞ்சம்மா செம்பை நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

"ஒன்னால எனக்கு நல்லா வசவு அண்ணே. நேத்தும் பாலு திரிஞ்சு போச்சு, முந்தாநாளும் திரிஞ்சுது. சட்டிய நான் கழுவலையாம். புளி போட்டு, சாம்பல் போட்டு, கையே தேஞ்சு போச்சு."

லூர்துநாதனின் கை காம்பிலேயே நின்றது. நல்ல மூன்று காம்பில் ஒன்றும் கெட்டுவிட்டது என்று அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆரிபா சொன்னாள்: "அவளை ஏச வேண்டியதில்ல அண்ணே. இப்ப நான் காய்ச்சுறதையே வுட்டுட்டேன். காய்ச்சினாத்தானே திரியுது? ஒங்க மடிச்சூட்டோட பாலாடைச் சங்குல ஊத்திடுறேன். புள்ள மடக் மடக்னு குடிக்கிறா. கண்ணு முன்னால கறக்குற பாலு, இதுல என்னா இருக்கப்போவுது?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் ஒன்று அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை. வாயைத் திறந்தான். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்கம்மா" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மீதி மூன்று காம்பையும் தனித்தனியாகப் பீச்சிப் பார்த்தான். ஒன்றில் ரவை தெரிந்தது. மற்ற இரண்டும் சுத்தம். சலோமியிடம் பச்சைப்பால் சங்கதியைச் சொல்லவில்லை. சோற்றுக்கத்தாழையை அரைத்து மடி முழுக்க அப்பினான். இரண்டு காம்பைக் கொண்டே ஒப்பேற்றிவிடலாம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தேவமாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். மாட்டுக்குத்தான் ஏற்றினான். பிள்ளைக்கு ஏற்றத் தோன்றவில்லை. தோன்றினால் பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னும் ஐந்து நாள் அப்படியே ஊற்றினான். ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் குந்தும்போது உள்ளே குழந்தை சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தான். அழுகை கேட்டால் பயம். கேட்காவிட்டால் இன்னும் பயம்.

ஆறாம் நாள் வாசலில் செம்போடு குஞ்சம்மா நிற்கவில்லை. கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"புள்ளைக்கு மூணு நாளா சுடுது. வயித்தாலயும் போவுது. பல்லு மொளைக்கிற காய்ச்சல்னு அம்மா சொல்லுது."

லூர்துநாதன் குந்தவில்லை. கதவைப் பார்த்து, "அம்மா, இன்னிக்குப் பாலு வேணாம். மாட்டுக்கு மடி கட்டிக்கிச்சு" என்றான். சொல்லிவிட்டான். நெஞ்சிலிருந்த கல்லில் பாதி இறங்கியது.

வளையல் சத்தம் நெருங்கி வந்தது. "எப்பலேருந்து அண்ணே?"

எதிர்வீட்டு அம்மா இன்றைக்கும் வாசலில் இருந்தாள்.

"இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆரிபா மூச்சு விட்டாள். "நல்லவேளை, நீங்களாச்சும் பாத்துச் சொன்னீங்க. இதே சிதம்பரநாதனா இருந்தா ஊத்திட்டுப் போயிருப்பான். நான்கூட ஒரு நிமிஷம் பாலுதானோன்னு பயந்துட்டேன். அப்ப பல்லுதான். குஞ்சம்மா, நூகு லெப்பை வூட்டுக்குப் போயி, கொஞ்சம் ஓதிப் பாக்க வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் இந்த மழையில தூக்கிட்டுப் போவ வேணாம்."

மாட்டைத் திருப்பிக்கொண்டு லூர்துநாதன் நடந்தான். அரசலாற்றுப் பாலம் வந்தபோதுதான் தான் செய்த காரியம் அவனுக்கு முழுசாக உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது அவள் பாலைச் சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பாள். இப்போது அந்தச் சந்தேகத்தையும் தானே அழித்துவிட்டு வந்திருக்கிறான். ஆறு தண்ணீர் செக்கச்செவேல் என்று கரை முட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். மாட்டை வீட்டில் கட்டி, வெறும் வயிற்றோடு திரும்பிக் காதர் பாட்சாவின் மண்டிக்கு வந்து சேர்ந்தபோது பகல் தொழுகைக்கு அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, ஒரு வார்த்தை."

"என்னா லூர்து, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"மாட்டுக்குச் சீக்கு இன்னிக்கு வரல. பத்து நாளுக்கு மேல ஆச்சு. தெரிஞ்சேதான் ஊத்தினேன். புள்ளைக்குப் பச்சையா குடுக்குறாங்கன்னும் தெரியும்."

காதர் பாட்சா அவனை அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் கை தொப்பியைச் சரிசெய்தது, அவ்வளவுதான். "வண்டிய புடி" என்று கடைப் பையனிடம் சொன்னார். லூர்துநாதன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே அவன் மழையில் நின்றான். சாயங்காலம் அவர் வெளியே வந்தார்.

"ஊசி போட்டிருக்காங்க. காலையிலேயே கொண்டாந்திருக்கணும்னு டாக்டர் சத்தம் போடுறாரு. அதை என்கிட்ட சொல்லி என்னா செய்ய?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னத் மௌத்தாகிவிட்டாள். ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் காதர் பாட்சா ஆள் விட்டு அவனை மண்டிக்கு வரச் சொன்னார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, யாரும் இல்லாத இடத்தில் நிறுத்திச் சொன்னார்:

"நீ எங்கிட்ட சொன்னதை நான் யாருகிட்டயும் சொல்லல. நீயும் சொல்லக்கூடாது. பாலாலதான்னு தெரிஞ்சா, காய்ச்சாம ஊத்துனது நாந்தானேன்னு எம் மவ நெனைப்பா. அப்புறம் அவளும் எனக்கு இல்ல. ஒனக்கு மாப்பு, மன்னிப்பு எதுவும் நான் குடுக்கல லூர்து. வாயை மூடிக்கன்னு மட்டும் சொல்றேன்."

தெருவில் மற்ற நாலு வீட்டிலும் கேட்டார்கள். "மாடு வத்திப்போச்சுங்க" என்றான் எல்லாரிடமும். அவனை யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் அவனைத் தின்றது. பிறகு சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்கப் போனான்.

மாசி பிறந்தது. மடி ஆறிவிட்டது; மயிலை திரும்பவும் சினைப்பட்டிருந்தது. ஒருநாள் நெல் மூட்டையோடு அந்தத் தெரு வழியாகப் போனபோது குஞ்சம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"மாடு நல்லாருக்கா அண்ணே?"

"இருக்கும்மா."

"அவங்க அடுத்த மாசம் சைகோன்லேருந்து வர்றாங்க" என்றாள் ஆரிபா. குரல் மெலிந்திருந்தது. "மறுபடி அல்லா ஒரு புள்ளையக் குடுத்தா, ஒங்க மாட்டுப் பாலுதான். வேற யாரு பாலையும் நான் நம்பமாட்டேன். ஜன்னத்துக்கு அது ஒன்னுதான் ஒத்துக்கிட்டுச்சு."

தோளில் மூட்டையோடு லூர்துநாதன் நின்றான். "எந்தப் பாலா இருந்தாலும் காய்ச்சிக் குடுங்கம்மா" என்று சொல்ல மட்டும்தான் அவனால் முடிந்தது.

மத்தியானமே வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மயிலையை அவிழ்த்தான். சலோமி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சினை மாட்டை எங்க ஓட்டுறீங்க?"

"வரிச்சிக்குடிக்கு. ஒன் தம்பி வூட்டுல கட்டப்போறேன். இனி அது இந்த ஊருக்குள்ள வரக்கூடாது."

"எதுக்கு? நல்லாத்தானே ஆயிடுச்சு?"

"அந்தப் புள்ளையோட அம்மா திரும்ப இந்தப் பாலைத்தான் கேக்குறா, சலோமி."

சலோமி அவன் முகத்தைப் பார்த்தாள். கயிற்றை விட்டாள்.