நல்லானேந்தல் விலக்கு வரை

கண்டக்டர் வேலைக்கு வருகிறவன், பஸ்ஸில் கூட்டம் இருந்தாலும் திட்டு, இல்லாவிட்டாலும் திட்டு என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். படியில் ஒற்றைக்காலில் தொங்கிப் பழகிய உங்களுக்கு முதல் வகைத் திட்டு நன்றாகவே தெரியும். நான் சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றி.

இடம் பிடித்த கூடைகள்

அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பும் என் டவுன் பஸ், திருச்சுழி ரோட்டில் ஊர்ப்பாதை பிரியும் விலக்கில் திரும்பி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து நல்லானேந்தலில் முடியும். காலையில் அங்கே வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு, கூடை, தூக்குவாளி எல்லாம் வந்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஆள் மட்டும் வராது. ஒருநாள் பொறுமை போய் விசிலை வாயில் வைத்தேன். பருத்திக்காட்டு வேலைக்குப் போகும் மாரியம்மாள் கீழே நின்றபடி கையமர்த்தினாள்.

"செத்த பொறுங்க கண்டக்டரே, அந்தக் கூடைக்காரவுக இப்பத்தான் மாடு கறக்க உக்காந்திருக்காக."

பூட்டிய வீடுகள்

ஊரில் வீடுகளுக்குக் குறைவில்லை, பூட்டுகளுக்கும் குறைவில்லை. இளவட்டங்கள் எல்லாம் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். நாளுக்கு நாள் கூட்டம் குறையவே, வசூல் இல்லையென்று எனக்குத் திட்டு விழுந்தது; நல்லானேந்தலுக்கு வண்டி போய்வரும் நடையையே நிறுத்தலாமா என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. கத்தாரில் பஸ் ஓட்டும் சிக்கந்தர் பாய் லீவில் வந்திருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"ஆளு இல்லேன்னு பஸ்ஸ நிறுத்துவாக. பஸ்ஸு இல்லேன்னு மிச்ச ஆளும் போயிரும். பெறகு நானே வந்து ஓட்டுனாலும் யாரண்ணே ஏத்துறது?"

அதிகாரிக்கு வரவேற்பு

ஒரு அதிகாரி என் வண்டியிலேயே வந்து கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். எனக்கு அந்த ஊரில் இருக்கும் ராணி என்பவளின் மகள் கார்த்திகாவை நினைத்துத்தான் கவலை. அருப்புக்கோட்டைக் கல்லூரிக்கு அவள் போய்வருவது இந்த வண்டியில்தான். வண்டி நின்றால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேச அவள் அப்பா தயாராக இருந்தார். அதனால், "அன்னைக்கு ஒருத்தர் விடாம பஸ்ஸுல இருக்கணும்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் ஊருக்கு வரும் பெரிய மனிதரை எல்லையிலேயே எதிர்கொண்டு அழைப்பது அவர்கள் வழக்கம். அன்று காலை ஊரே ஷேர் ஆட்டோக்களில் ஏறி விலக்குக்கு வந்து, மாலையும் மேளமுமாக நின்றது. அதிகாரிக்குக் கழுத்து நிறைய மாலை. ஆனால் அவரை நெருக்கக் கூடாதென்று ஒருவரும் வண்டியில் ஏறவில்லை. ஊருக்குள் போனால், பரீட்சைக்குப் புறப்பட்ட கார்த்திகா மட்டும் ஏறினாள். திரும்பி விலக்குக்கு வந்ததும், நான் சொல்லிவைத்தபடி மொத்த ஊரும் திமுதிமுவென்று ஏறியது. அதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"விலக்குல நல்ல கூட்டம்யா! வண்டி இதுவரைக்கும் வந்தாப் போதும், உள்ள எதுக்கு வீணா?"

அம்மாவும் மகளும்

இப்போது நாங்கள் விலக்கிலேயே திரும்பிவிடுகிறோம். முதல் நாள் அந்த இடத்தை நெருங்கும்போது, கல்லூரிப் பெண் வந்திருக்கிறாளா என்று படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கார்த்திகா நின்றிருந்தாள், பக்கத்தில் புழுதிக் காலோடு ராணி. கருவேலங்காட்டு வழியாக மகளை நடத்திக் கூட்டிவந்திருந்தாள். சாயங்காலமும் வந்து கூட்டிப்போவாளாம். "தினமும் முடியுமாம்மா?" என்று கேட்டேன். மகளின் பையை என்னிடம் நீட்டினாள்.

"அவுக அப்பா வாயத் தொறக்க முன்னாடியே கெளம்பிட்டோம்ணே. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்க ஊருக்கு நாந்தான் பஸ்ஸு."

எங்கள் ரூட்டில் இன்றுவரை பிரேக்டவுன் ஆகாமல் ஓடுவது அந்த ஒரு வண்டிதான்.