கேட்டாரா, கொடுத்தாரா

கையக்காவுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஞாயிறு இரண்டாம் பூசையில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, சாமியார் பேசுவதை எல்லாம் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வதால் எங்களுக்கு அவர் கையக்கா. முன்வரிசையில் உட்கார்ந்து அவரைப் பார்ப்பவர்களோ, இரண்டு விரலால் உதட்டைத் தொட்டு அவரைக் குறிப்பார்கள். வாய் என்று அர்த்தம்.

கையக்காவின் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்ற இயந்திரத்தின் பக்கத்தில் அவர் பாட்டுக்கு நிம்மதியாக நின்றார். அம்மா திரைச்சீலை தைக்கும் கடையில். ஒரே மகள் பேசத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வந்த அத்தனை பேச்சும் அவள் வழியாகத்தான் வந்தது. டாக்டர் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, ஏன், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அவளைப் பற்றியே சொன்ன புகார்கூட.

"கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"மாத்தினா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. டீச்சர் மூஞ்சி கடுகடுன்னு இருக்கு. நான் 'உங்க பொண்ணு தங்கம்'னு சொன்னா எடுபடுமா?"

கோயிலிலும் அப்படித்தான் தொடங்கியது. ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அப்பா அம்மாவுக்குப் பூசையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கவனம் சிதறுகிறது என்று ஒரு கூட்டம் முணுமுணுத்தது. ஒருநாள் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்த ஆயர், அதாவது பிஷப், வந்திருந்தபோது பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, "அந்தத் தூணுக்குப் பின்னால என்ன நடக்குது?" என்று கேட்டார். அப்போது கையக்கா பள்ளிப் பாவாடையில் இருந்த பெண். விஷயத்தைக் கேட்டதும் ஆயர், "இங்க முன்னால வந்து நில்லும்மா. எல்லாருக்கும் தெரியட்டும். எனக்கும் நாலு வார்த்தை கத்துக்கொடு" என்றார். அடுத்த ஞாயிறே அந்த இடத்துக்கு மேலே ஒரு விளக்கு மாட்டப்பட்டது.

அதே ஆயர்தான் திருமண விஷயத்தில் இரும்பு. கோயிலில் செய்த கல்யாணம் முறிந்து, கோயிலுக்கு வெளியே மறுமணம் செய்துகொண்டவர்கள் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்கக் கூடாது என்பது திருச்சபை சொல்வது. மற்ற ஆயர்கள் அதை மெதுவாகச் சொன்னார்கள். இவர் எல்லாக் கோயில்களிலும் வாசிக்கும்படி கடிதம் அனுப்பினார். கையக்கா அதையும் ஒரு சொல் விடாமல் கையால் சொன்னார். அப்போது அவருக்கு முதல் கல்யாணம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தக் கடிதம் தன் வீட்டு முகவரிக்கே வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த மாப்பிள்ளை வெளிநாட்டுக்குப் போனவன் போனவன்தான். தொலைபேசி எண்ணை மாற்றினான், பிறகு ஊரை மாற்றினான். சில வருடம் கழித்து, கையக்கா வேலை பார்த்த மருத்துவமனையில் லிஃப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், விசாரணை ஜன்னலில் இருந்த கையக்காவைப் பார்க்க மாதம் தவறாமல் ஏதாவது ஒரு பழுதைக் கண்டுபிடித்தார். கோர்ட்டில் விவாகரத்து வாங்கிய பிறகு கையக்காவும் மெக்கானிக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பா அதற்குள் காலமாகியிருந்தார்; சாட்சிக் கையெழுத்துப் போட அம்மா வந்தார், சாப்பிட்டார், மருமகனின் தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு கையக்கா மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். "உங்க முதல் வீட்டுக்காரரு பதில் போடலையே, காத்திருங்க" என்று அங்கே ஜன்னலில் இருந்தவர் சொன்னார். காத்திருந்தார். காத்திருப்பதே பழகிவிட்டது. ஊருக்கெல்லாம் போய்க் கேட்டுக்கொடுத்தவர், தனக்கு என்று மறுபடி ஒருமுறை போய்க் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

ஆக ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் நடந்தது. "அனைவரும் இதை வாங்கி உண்ணுங்கள்" என்று கையக்காவின் கைகள் எல்லாரையும் அழைக்கும். எல்லாரும் எழுந்து வரிசையில் போவார்கள். அவர் மட்டும் கைகட்டிக்கொண்டு விளக்கின் கீழே நிற்பார். பின்பெஞ்சில் மெக்கானிக் உட்கார்ந்தே இருப்பார். அம்மா நன்மை வாங்கித் திரும்பும்போது மகளைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு போய் உட்காருவார். அம்மாவும் ஆயர் பக்கம்தான் என்று கையக்கா முடிவு கட்டியிருந்தார்.

ஆயர் முதுமையில் நோய்ப்பட்டு இறந்தார். அடக்கத்துக்கு நல்ல கூட்டம். அடக்கம் முடிந்ததுமே பேச்சு தொடங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சலூனில் ஒரு பேச்சு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேச்சு. ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டியவர் என்றார்கள். இரண்டு பள்ளிக்கூடத்தை மூடியவர் என்றும் சொன்னார்கள். மகான் என்ற வாயே, அடுத்த டீயில், "ஆனா பிடிவாதக்காரர்ப்பா" என்றது.

புது ஆயர் வருவதற்குள் மக்கள் மனதில் இருப்பதைக் கேட்டு அனுப்பும்படி மேலிடத்திலிருந்து சொல்லி வந்தது. போனவர் விட்டுப்போனது என்ன, திருச்சபையின் போதனைகளில் எது பாரமாக இருக்கிறது, எது தாங்குகிறது என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். பங்கு மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். கையக்கா மேடை ஓரத்தில் நின்றார்.

முதலில் எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு நர்ஸ் எழுந்து, குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பிரசங்கம் வைப்பவர்கள் ஒருநாள் பிரசவ வார்டில் வந்து நின்று பார்க்கட்டும் என்றார். கைதட்டல். ஒரு கல்லூரி மாணவன், போதனை பிரச்சினையில்லை, பிரசங்கத்தின் நீளம்தான் பிரச்சினை என்றான். இன்னும் பெரிய கைதட்டல். எங்கள் கோயில் சாமியாரான பங்குத்தந்தையே சிரித்துவிட்டார்.

அப்போது மருந்துக்கடைக்காரர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரம் என்றால் எந்த நேரமும் கடையைத் திறந்து மருந்து கொடுப்பவர்.

"நம்ம பிஷப் விட்டுட்டுப் போன பெரிய சொத்து ஒண்ணுதான். கல்யாண விஷயத்துல அவர் வளையல. உலகமே வளைஞ்சப்போ வளையல. இப்போ அவர் போயிட்டாரு, இனிமே தளர்த்துவாங்கன்னு சில பேர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காங்க. விடக் கூடாது. அதோட, முறையில்லாம வாழ்றவங்க பீடத்துக்குப் பக்கத்துல போய் நிக்கிறதையும் நிறுத்தணும். யாரையும் மனசுல வச்சுச் சொல்லல."

யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்பது மண்டபத்துக்கே தெரியும். ஒருவரும் கையக்காவைப் பார்க்கவில்லை. காது கேளாதவர்கள் மட்டும் பார்த்தார்கள். பார்த்தால்தானே அவர்களுக்குத் தெரியும். கையக்காவின் கைகள் நிற்கவில்லை. முறையில்லாம வாழ்றவங்க. பீடத்துக்குப் பக்கத்துல. நிறுத்தணும். எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கைகளை இறக்கினார். முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

முன்வரிசையில் அம்மா கை தூக்கினார்.

கையக்கா பயந்தது இதற்குத்தான் என்று பிற்பாடு சொன்னார். அம்மா என்ன சொன்னாலும் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் சொன்னது சரி என்று அம்மா சொன்னால், அதையும்.

அம்மா மேடையைப் பார்த்து நின்று கைகளை அசைத்தார். கையக்கா குரல் கொடுத்தார்.

"பிஷப் நோயா இருந்தப்போ அவர் வீட்டுக்குத் திரைச்சீலை மாட்ட எங்க கடையில என்னை அனுப்பினாங்க. மாட்டி முடிச்சிட்டு அவர் முன்னால போய் நின்னேன். என் மகளைப் பத்திக் கேட்டேன்."

கூட்டத்தின் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "யார் மகள்?" என்றார்.

"நான்தான். ஆனா பேசுறது அம்மா" என்றார் கையக்கா. யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அம்மா தொடர்ந்தார். "துணைக்கு யாரும் வரல. கூட்டிட்டுப் போகணும்னா இவளைத்தான் கூட்டிட்டுப் போகணும். அதனால நடிச்சுக் காட்டினேன். ஒரு பொண்ணு நின்னு கையால பேசுறா. எல்லாரும் அப்பம் சாப்பிடுறாங்க. அவ மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. ஏன்னு கேட்டேன். அவர் ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். அப்புறம் அவர் உள்ளங்கையை இன்னொரு கையால தேய்ச்சார். கை கழுவணும்போலன்னு நினைச்சு நான் ஓடிப்போய் சோப்பும் தண்ணியும் கொண்டு வந்தேன்."

இப்போது மண்டபம் வாய்விட்டுச் சிரித்தது. அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. கூட்டம் அடங்கும்வரை நின்றார்.

"அவர் இல்லன்னு தலையாட்டிட்டு மறுபடி தேய்ச்சார். அப்பத்தான் புரிஞ்சுது. அது எங்க பாஷையில மன்னிப்பு. இவ சின்னப் பொண்ணா இருந்தப்போ கத்துக்கொடுத்தது. அவர் மன்னிப்புக் கொடுத்தாரா, கேட்டாரா, அது எனக்கு இன்னைக்கும் தெரியல. அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரிஞ்சுது. கண்ணு நனைஞ்சிருந்தது. வளையாதவர்னு இவர் சொல்றார். நான் பார்த்தப்போ நாற்காலியில வளைஞ்சுதான் உட்கார்ந்திருந்தார். ரெண்டும் அவர்தான்."

இப்போது அம்மாவின் கைகள் மெதுவாக அசைந்தன. கையக்கா விட்டுவிட்டுச் சொன்னார்.

"நன்மை வாங்கிட்டுத் திரும்பும்போது... என் மகளைப் பார்த்தா அழுதுடுவேன். அதனாலதான்... தரையைப் பார்த்துக்கிட்டே வருவேன். அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல."

இத்தனை வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை அம்மாவே வந்து இறக்கி வைத்தார், அதுவும் மகள் வாயாலேயே. அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. கையக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லாவற்றையும் கடைசிவரை சொன்னார்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"நான் பேசினதை அப்படியேவா சொன்னீங்க?"

"ஒரு சொல் விடல அண்ணே."

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா? அவங்கல்லாம் என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க." பிறகு சொன்னார்: "என் கருத்து கருத்துதான், தங்கச்சி. ஆனா நீங்க அங்க நிக்கக் கூடாதுன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன். அவங்களுக்கு வேற யாரு இருக்கா?"

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மெக்கானிக் சொன்னார்: "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்க மணி அடிக்கணும். கம்முனு நின்னா வெளியில எவனுக்குத் தெரியும்? நாம எப்போ கடைசியா மணி அடிச்சோம்?"

அந்த வாரமே விடுப்புப் போட்டுவிட்டு இருவரும் திருமண நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே நீதிபதியாக இருந்த குருவானவர் வழக்குக் கட்டைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, இரண்டு தாள் புரட்டினார்.

"கூப்பிட்டும் எதிர்த்தரப்பு வரலன்னா வழக்கு நின்னுபோகாதும்மா. வரலன்னு குறிச்சுட்டு மேல நடத்தலாம். உங்களைக் காத்திருக்கச் சொன்னது யாரு?"

"ஜன்னல்ல இருந்தவர், ஃபாதர்."

"எப்போ?"

கையக்கா வருடத்தைச் சொன்னார். குருவானவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்க தப்பு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு நாள் கையக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடம் ஒரு ஜன்னல்காரர் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டோமே என்று, தானும் ஒரு ஜன்னலில் உட்காருபவர் என்பதால், தன் மேலேயே கூடக் கோபம். வீட்டில் பாத்திரங்கள் அன்று பட்ட பாடு பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

விசாரணையில் அம்மாவும் சாட்சி. சொந்த வழக்கில் மகள் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் வேறு ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அம்மா வேறொருவர் வாயால் பேசியதை, மூடிய கதவுக்கு வெளியே இருந்து, வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டார் கையக்கா. சும்மா இருந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முதல் மாப்பிள்ளையின் பெரியப்பா மகனும் வந்து உண்மையைச் சொன்னான்: படுக்கையில் கிடந்த தகப்பனின் ஆசைக்காகத்தான் தாலி கட்டினான், திரும்பி வரும் எண்ணம் அன்றைக்கே அவனுக்கு இல்லை.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது: அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. கையக்கா சாலையோரத்திலேயே நின்று அம்மாவுக்கு வீடியோவில் ஒற்றைக் கையால் சொன்னார். அம்மா, "சரி. சாப்பிட்டியா?" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

ஒரு வார நாளில், கூட்டமில்லாமல், கோயிலை ஒட்டிய அறையில் கோயில் முறைப்படி கல்யாணம். பங்குத்தந்தை, "வலக் கையைப் பிடிச்சுக்குங்க" என்றார். கையக்கா பிடிக்கவில்லை.

"ஃபாதர், கையைப் பிடிச்சுக்கிட்டா அம்மாவுக்கு யாரு சொல்றது?"

பங்குத்தந்தை புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு வழி இல்லை. மெக்கானிக்தான் தீர்த்தார். வலக் கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமியாரிடம் இத்தனை வருடமாகக் கற்ற அரைகுறைச் சைகையை இடக் கையால் போட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் யோசித்தார். 'இன்பத்திலும்' முடிந்து 'துன்பத்திலும்' வருவதற்குள் பங்குத்தந்தைக்கு ஒரு கொட்டாவி வந்துவிட்டது. சீக்கிரம், சீக்கிரம் என்று அம்மா நாற்காலியிலிருந்து கையசைத்தார்.

புது ஆயர் வந்துவிட்டார். பழையவரைப் பற்றிய பேச்சு சலூனில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு நன்மை வரிசை எழுந்தபோது, கையக்கா பீடத்தின் பக்கத்திலிருந்து இறங்கி வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார். மெக்கானிக் அவருக்குப் பின்னால். வரிசையில் நின்றபடியே அம்மா திரும்பி மகளைப் பார்த்து, மகளின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, முன்னால் நகர்ந்தார்.